எப்போது கை வைக்கலாம், எப்போது கூடாது: காரைக்குடி செக்யூரிட்டி ஏஜென்சி ஒன்றின் சேவை எப்படி?

செட்டிநாட்டுப் பெரிய வீடு என்றால் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே முகப்பு, வளவு (தூண்கள் சூழ்ந்த முற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி, தோட்டம். இவ்வளவு நீளத்துக்கும் இரவில் ஒரே ஒரு காவலாள். சொந்தக்காரர்கள் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருப்பார்கள். உள்ளே பர்மாத் தேக்கு நிலை, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம், பெட்டகம் நிறையப் பித்தளைச் சாமான். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் செக்யூரிட்டி ஏஜென்சி தேடுகிறவர்கள் முதலில் கேட்பது மாதம் எவ்வளவு என்றுதான். சுவரேறிக் குதித்தவனை உங்கள் ஆள் என்ன செய்வார் என்று கேட்பவர்கள் குறைவு. வழக்கு முளைப்பது அந்த இடத்தில். முளைத்தால் காவலாளோடு வீட்டுக்காரரையும் சேர்த்து ஸ்டேஷனுக்கு அலையவிடும்.

இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் ஏஜென்சி மூன்று வகை வேலைக்கு ஆள் அனுப்புகிறது: பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு, கல்யாண வீடு, பழைய வீட்டைப் புதுப்பித்து நடத்தும் விடுதி. குறைகளும் வரப்போவதால் பெயர் போடவில்லை. இதைக் கவனிக்க வைத்தது சீருடையோ மீசையோ அல்ல, ஒவ்வொரு காவலாளின் சட்டைப் பையிலும் இருக்கும் லேமினேட் செய்த அட்டை. உள்ளங்கை அகலம், இரண்டு பக்கமும் தமிழில் பெரிய எழுத்து. யார் மீது, எந்தக் கட்டத்தில், எவ்வளவு பலம் பிரயோகிக்கலாம் என்று அதில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் பெரும்பாலான இடங்களில் இது வாய்வழி உத்தரவாகத்தான் இருக்கும், அதுவும் "நாலு போட்டு உக்கார வை" என்கிற அளவில்.

அட்டையின் முதல் வரியே நல்ல வரி: "வீட்டுக்குள் ஆள் இருப்பது தெரிந்தால் நீ உள்ளே போகாதே." பலருக்கு இது கோழைத்தனமாகப் படும். ஆனால் இருட்டில் தூணுக்குத் தூண் மறைவு இருக்கிற வளவில் ஒற்றை ஆளாக நுழைகிறவர், திருடனுக்குத் தப்ப வழியில்லாமல் செய்கிறார். மாட்டிக்கொண்டவன் கையில் கடப்பாரை இருக்கும். அட்டை சொல்வது: வெளி விளக்குகளைப் போடு, விசில் ஊது, 112-ஐக் கூப்பிடு, பிறகு சூப்பர்வைசர், பிறகு பக்கத்து வீடு. இரண்டு தெருவும் கண்ணில் படுகிற முக்கில் நில். ஓடுகிறவனின் உயரம், சட்டை நிறம், வண்டி நம்பர், போன திசை ஆகியவற்றைப் பார்த்து வை. இந்த வரிசையைப் பல ஏஜென்சிகள் தலைகீழாகச் சொல்லிக் கொடுக்கின்றன. முதலில் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, அவர் ஓனருக்குப் போட்டு, மலேசியாவில் அவர் தூங்கி எழுந்து பேசுவதற்குள் ஆள் மானாமதுரை தாண்டியிருப்பான்.

இரண்டாவது படி பேச்சு. என்ன பேச வேண்டும் என்பதையும் எழுதியே கொடுத்திருக்கிறார்கள்: "ஐயா, இது பூட்டின வீடு. ஓனர் சொல்லாம உள்ள விட முடியாது. நம்பர் தர்றேன், பேசிட்டு வாங்க." கெட்ட வார்த்தை கூடாது, ஜாதியை இழுத்து ஒரு சொல்லும் கூடாது என்று தனியாக அடிக்கோடு போட்டிருப்பதைப் பாராட்ட வேண்டும். பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவரைப் பார்த்துப் பொதுப் பார்வையில் அப்படி ஒரு சொல் விழுந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு முன்ஜாமீனுக்கே தடை போடுகிறது. திருட வந்தவன் வெளியே இருப்பான், காவல் காத்தவர் உள்ளே இருப்பார்.

மூன்றாவது படி, வாசலை மறித்து நிற்பது. மறிக்கலாம். சட்டையைப் பிடிப்பது, செல்போனைப் பிடுங்குவது, உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவது இதில் சேராது. உரிமையில்லாமல் ஒருவரை ஓர் அறைக்குள் அடைத்து வைத்தால் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 127-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

நான்காவது படியில்தான் அட்டையின் தரம் தெரிகிறது. பிடித்து வைக்கும் அதிகாரம் காவலாளுக்குச் சீருடையால் வருவதில்லை. தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005 அவருக்குக் கைது அதிகாரம் எதையும் தரவில்லை. அவருக்கு இருப்பது தெருவில் போகும் எந்தக் குடிமகனுக்கும் இருப்பதுதான், அதாவது பி.என்.எஸ்.எஸ். (சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்ற நடைமுறைச் சட்டம்) 40-ஆவது பிரிவு. குற்றம் அவர் கண் முன்னால் நடக்க வேண்டும். அது போலீஸ் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடியதாகவும் ஜாமீனில் விட முடியாததாகவும், இரண்டுமாக, இருக்க வேண்டும். (அறிவிக்கப்பட்ட தேடப்படும் குற்றவாளி என்றால் அது வேறு கணக்கு.) பிடித்தவரைத் தாமதமில்லாமல், எப்படியும் 6 மணி நேரத்துக்குள், போலீசில் ஒப்படைக்க வேண்டும். பழைய சி.ஆர்.பி.சி.யின் 43-ஆவது பிரிவில் இந்த 6 மணி நேரக் கெடு கிடையாது. 2024 ஜூலை 1-இல் புதிய சட்டத்தோடு வந்தது. அட்டையில் 6 என்ற எண்ணைப் போடாமல் "உடனே" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அதுதான் சரி. 6 என்று போட்டால் காலை வரை உட்கார வைத்து விசாரிக்கத் தோன்றும்.

இந்த இரட்டை நிபந்தனை செட்டிநாட்டு வீடுகளில் எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். கானாடுகாத்தானில் கேமராவோடு திறந்த வாசலில் நுழைந்துவிடும் சுற்றுலாப் பயணி, பந்தை எடுக்கச் சுவரேறும் பையன், திண்ணையில் படுத்துவிட்ட குடிகாரர்: தொந்தரவு செய்யும் நோக்கம் இருந்தால்கூட அது அத்துமீறல், அதிகம் போனால் வீட்டு அத்துமீறல், பி.என்.எஸ். 329. ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஆகவே காவலாள் பிடித்து வைக்க முடியாது, வெளியே போகச் சொல்லலாம், போலீசைக் கூப்பிடலாம். பூட்டை உடைத்து அல்லது சுவரேறிக் குதித்துத் திருட நுழைந்தால் 331-ஆவது பிரிவு, ஜாமீனில் விட முடியாத குற்றம், கண்ணால் கண்டால் பிடிக்கலாம். கட்டடத்துக்கு வெளியே நடக்கும் சாதாரணத் திருட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. 5,000 ரூபாய்க்குக் கீழான பொருள், முதல் குற்றம், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் சமூக சேவைதான் தண்டனை. அந்த வகை ஜாமீனில் விடக்கூடியது. தோட்டத்தில் கிடந்த இரண்டு எவர்சில்வர் தூக்கோடு பிடிபட்டவனைத் தூணில் கட்டி வைத்தால் குற்றவாளிக் கூண்டில் யார் நிற்பார் என்பதை யோசித்துக்கொள்ளலாம். அட்டையில் இந்தப் பிரிவுகளை எல்லாம் எழுதவில்லை. இரண்டு படம் மட்டும் போட்டிருக்கிறார்கள்: உடைந்த பூட்டின் மேல் ஒரு கை, திறந்த கதவின் மேல் ஒரு பெருக்கல் குறி. ராத்திரி 2 மணிக்கு இதுதான் நினைவில் நிற்கும்.

பிடிக்கும் முறையும் விவரமாகவே இருக்கிறது. தனியாகப் பிடிக்காதே. இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம், முழங்கைக்கு மேலே பிடி. கழுத்தில் கை போடாதே. குப்புறப் படுக்க வைத்து முதுகில் முழங்காலை ஊன்றாதே. ஏன் என்பதையும் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார்கள்: குப்புறக் கிடப்பவருக்கு நெஞ்சு விரிய இடமிருக்காது, ஓடி வந்து மூச்சு வாங்குகிறவரும் குடித்தவரும் சில நிமிடங்களில் மயங்கிவிடலாம், திமிறுவதாக நாம் நினைப்பது மூச்சுக்குத் தவிப்பதாக இருக்கலாம். கட்டிப்போடாதே. முகப்பில், விளக்கு வெளிச்சத்தில், கேமராவுக்கு நேராக, நிமிர்த்தி உட்கார வை. தண்ணீர் கொடு. பிடித்த நேரம், 112-க்குப் போன் செய்த நேரம், போலீஸ் வந்த நேரம் மூன்றையும் ரிஜிஸ்டரில் எழுது. பெண்ணைச் சோதிக்க வேண்டுமென்றால் பெண் மட்டும்.

"பிடித்திருக்கும்போது பேசிக்கொண்டே இரு, என்ன செய்கிறாய் என்று சொல்" என்ற வரி இந்த அட்டையில் எதிர்பாராதது. சர்வதேச விண்வெளி நிலையத்தை இங்கே இழுப்பது கொஞ்சம் தூரம்தான், ஆனாலும் பொருந்துகிறது. அங்கே மனநிலை பிறழ்ந்த வீரரைக் கையாள நாசா வைத்திருந்த மருத்துவக் குறிப்பு 2007-இல் செய்தியாக வெளியே வந்தது. மணிக்கட்டையும் கணுக்காலையும் டக்ட் டேப்பால் கட்டு, ரப்பர் கயிற்றால் பிணை, தேவைப்பட்டால் மயக்க ஊசி போடு என்பவற்றோடு, கட்டும்போதே அவரிடம் பேசு, அவருடைய பாதுகாப்புக்காகத்தான் இதைச் செய்கிறாய் என்று விளக்கு என்பதும் இருந்தது. நிலையத்தில் காவலர் என்று தனியாக யாருமில்லை. 2000-இல் ஏற்கப்பட்ட குழு நடத்தை விதிகள் கமாண்டருக்கு மட்டும், குழுவினரின் உடனடிப் பாதுகாப்புக்குத் தேவைப்படும்போது மட்டும், அளவான உடல் பலத்தையோ கட்டுப்படுத்தலையோ அனுமதிக்கின்றன. குற்ற வழக்கு என்று வந்தால் நிலையத்துக்கான 1998 பன்னாட்டு ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவுப்படி முதன்மையாக அந்த ஆளின் சொந்த நாடு பார்த்துக்கொள்ளும். 400 கிலோமீட்டர் உயரத்துக்குப் போலீஸ் ஜீப் வராது, அதனால் கட்டிப்போடும் வேலையையும் அங்கே சக வீரரே செய்ய வேண்டியிருக்கிறது. காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூருக்கு ஜீப் வரும். டக்ட் டேப் இங்கே எதற்கு?

எதற்கு என்று கேட்கக் காரணம் இருக்கிறது. இதே ஏஜென்சி கல்யாண ட்யூட்டிக்கு அனுப்பும் பையில் பிளாஸ்டிக் கட்டு வார்கள் கிடக்கின்றன, வயர் கட்டுவதற்கு எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் அதே வார். அட்டை கட்டாதே என்கிறது, பை கட்டு என்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும், எடுக்க வேண்டியது வாரை. அது இறுகினால் தளராது. வெட்டுவதற்குக் கத்தரிக்கோலும் பையில் இல்லை. கூடவே மிளகு ஸ்ப்ரே. வளவு திறந்த முற்றம், காற்று சுழலும், சுற்றிலும் பத்தி (தாழ்வாரம்). அடித்தவர் முகத்துக்கே திரும்பும், பந்தியில் உட்கார்ந்திருக்கிற ஆச்சிமார் இருமத் தொடங்குவார்கள். எந்தத் தூரத்தில் அடிப்பது, பட்டவருக்குக் கண்ணை எவ்வளவு நேரம் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று கேட்டால் காவலாளுக்குத் தெரியவில்லை. தெரியாதவர் கையில் கொடுக்கக் கூடாத பொருள்.

ஐந்தாவது படி, அடி. தன் மீதோ இன்னொருவர் மீதோ தாக்குதல் நடக்கும்போது மட்டும், அது நிற்கும் வரை மட்டும். தற்காப்புரிமை பி.என்.எஸ். 34 முதல் 44 வரை. அதில் அட்டைக்கு முதுகெலும்பு 37: போலீஸ் உதவியை நாட நேரம் இருக்கும்போது இந்த உரிமை இல்லை, இருக்கும்போதும் தேவைக்கு மேல் துளியும் கூடாது. வெறுங்கையோடு சுவரேறி வெளியே ஓடுகிறவன் காலில் லத்தியை வீசி எறிவது தற்காப்பு ஆகாது, அவன் போய்விட்டான். எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம், 7 ஆண்டு வரை போகும். முறியாவிட்டாலும் 15 நாள் கடும் வலியில் கிடந்தாலோ வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ கொடுங்காயம்தான். பழைய ஐ.பி.சி.யில் இது 20 நாளாக இருந்தது. "ராத்திரி வீடு உடைத்தால் கொல்லக்கூடச் சட்டம் இருக்கிறது" என்று டீக்கடையில் சொல்வார்கள். 41-ஆவது பிரிவைப் பாதி படித்த பேச்சு அது. அந்தப் பிரிவும் 37-க்குக் கட்டுப்பட்டதுதான் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அட்டை இந்தச் சமாசாரத்தையே தொடவில்லை. தொடாதது புத்திசாலித்தனம். ஆனால் அட்டையின் பின்பக்கம் இன்னும் ஐ.பி.சி. 96 முதல் 106 வரை என்று பழைய எண்களே இருக்கின்றன, அதை மாற்றி அச்சடிக்க வேண்டும்.

இனி அட்டையில் இல்லாதது, இந்த ஊருக்கு மிக முக்கியமானது: பங்காளி. பெரிய வீடு என்றால் பல பங்கு. ஒருவர் காவல் போட்டுச் சம்பளம் கொடுப்பார், இன்னொருவர் ஒரு நாள் சாயங்காலம் வேனோடு வந்து இறங்கி, "எங்க ஐயா கட்டின வீடு, பூட்டைத் திறப்பா" என்பார். காவலாளுக்கு அவரும் அந்நியர், திருடனும் அந்நியர். ஆனால் பங்குரிமை உள்ளவரை அத்துமீறியவர் என்று முடிவு செய்ய வாசலில் நிற்பவருக்கு என்ன தகுதி? மேலே கை வைத்தால் சிவில் தாவா ஒரே இரவில் கிரிமினல் வழக்காகிவிடும், எதிர்த்தரப்பு அதற்காகவே காத்திருக்கவும் கூடும். இதற்குத் தனி வரி வேண்டும்: கை வைக்காதே, மறிக்காதே, சாவியும் கொடுக்காதே. பெயர், நேரம், வண்டி எண் எழுதிக்கொள். கொடுத்திருக்கும் பட்டியலில் உள்ள அத்தனை பங்குதாரருக்கும் போன் செய். சாமான் வெளியே போனால் போனில் படம் எடு, சண்டை மூண்டால் 112. ஏஜென்சியிடம் கேட்டால், "அதெல்லாம் ஓனர்தான் சொல்லணும்" என்றார்கள். உண்மையே. அப்படியானால் ஒப்பந்தத்திலேயே பங்குதாரர் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டியதும் அவர்கள் வேலைதான்.

கல்யாண ட்யூட்டியில் இவர்கள் நிச்சயம் தேறுகிறார்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானைப் பரப்பி வைக்கும்போது வெள்ளியும் வைரமும் வளவில் கண்காட்சிபோல இருக்கும். அங்கே காவலாள் பொருளுக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நிற்கிறார், யாரையும் தொடுவதில்லை, எதையாவது எடுத்துப் பார்க்கக் கை நீட்டினால் "ஆச்சி, நான் எடுத்துக் காட்டச் சொல்றேன்" என்று வீட்டாளைக் கூப்பிடுகிறார். சந்தேகம் என்றால் பையைப் பிடுங்கித் தேடுவதில்லை. வீட்டுப் பெண்கள் ஒருவரை முன்னிறுத்தி, சம்மதம் கேட்டு, தனி அறையில் பார்க்கிறார்கள். குடித்துவிட்டு ஏறும் மாமாவுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பலம் வேண்டாம், அவருக்கு நெருங்கிய ஒருவரைத் தேடிப்பிடித்து, "ஐயா, இப்படி வாங்க, காத்தாட உக்காருவோம்" என்று திண்ணைக்கு நகர்த்துவது. கறுப்புச் சட்டை போட்ட பவுன்சர் வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் ஆள் தருகிறார்கள். அவர்களிடம் அட்டையும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. அந்த வகையை எடுக்காதீர்கள். புகைப்பட அடையாள அட்டை தர வேண்டும் என்பது 2005 சட்டத்திலேயே இருக்கிறது.

விடுதி ட்யூட்டி பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெளிநாட்டு விருந்தினரிடம் நான்கு வார்த்தை ஆங்கிலம் பேசத் தெரிந்தவரை அனுப்புகிறார்கள், அறைக்குள் நுழைவதில்லை என்ற ஒழுங்கு இருக்கிறது. போதும்.

சிக்கல் மாற்று ஆளில். நிரந்தரக் காவலாளுக்கு அட்டை மனப்பாடம். அவர் லீவு போட்டால் வருகிறவருக்கு அட்டையே கிடையாது, சில நேரம் ஷூவும் கிடையாது. கொப்புடையம்மன் திருவிழா, குன்றக்குடிப் பங்குனி உத்திரம் என்று ஊர்ப் போலீஸ் முழுவதும் பந்தோபஸ்துக்குப் போயிருக்கும் இரவுகளில்தான் நிரந்தர ஆள் லீவு கேட்பார், மாற்று ஆள் வருவார். மத்திய மாதிரி விதிப்படி ஒரு காவலாளுக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும், குறைந்தது 20 வேலை நாளில், கொடுத்திருக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் 40 மணியும் 16 மணியும், 7 நாளில். தற்காப்புரிமையும் எப்.ஐ.ஆர். கொடுக்கும் முறையும் அந்தப் பாடத்திட்டத்திலேயே வருகின்றன. சான்றிதழைப் பெயரோடு கேளுங்கள், மாற்று ஆளுடையதையும் சேர்த்து. சூப்பர்வைசர் கணக்கும் பாருங்கள்: ஒரே வளாகம் என்றால் 15 பேருக்கு ஒருவர் போதும், ஊர் ஊராகச் சிதறியிருந்தால் 6 பேருக்கு ஒருவர். கோட்டையூர், ஆத்தங்குடி, கண்டனூர் என்று பரவியிருக்கும் வேலைக்குப் பொருந்துவது இரண்டாவதுதான். ஆனால் இவர்களுடைய சூப்பர்வைசர் ஒரே பைக்கில் அத்தனை ஊரும் சுற்றுகிறார்.

12 மணி நேர ஷிப்டு இன்னொரு ஓட்டை. அதிகாலை 3 மணிக்கு விழித்தெழும் ஆள் முதலில் லத்தியைத்தான் தேடுவார், அட்டையை அல்ல. 8 மணி நேர ஷிப்டு கேட்டால் தருகிறார்கள், ஆள் கூடும், பில்லும் கூடும். பில்லைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்: சம்பளம், அதன் மேல் பி.எப். முதலாளி பங்கு நிர்வாகக் கட்டணம் உட்பட 13%, இ.எஸ்.ஐ. 3.25%, சேவைக் கட்டணம், மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. 18%. இ.எஸ்.ஐ. வரியில் பூஜ்யம் இருந்தால் கவனியுங்கள். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டாத காவலாள் திருடனிடம் அடிபட்டுக் கிடந்தால் ஆஸ்பத்திரிச் செலவு அந்த வரியிலிருந்துதான் வர வேண்டும், வராவிட்டால் உங்கள் வாசலுக்கு வரும். சீருடை காக்கியாகவோ ராணுவப் பச்சையாகவோ, போலீஸ் என்று பார்ப்பவர் நம்பும்படியோ இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அதற்கு 2005 சட்டத்தின் 21-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே இருக்கிறது. உரிமத்தை அலுவலகத்தில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். இவர்கள் மாட்டியிருக்கிறார்கள், தேதியும் உயிரோடு இருக்கிறது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு வரிகளைத் திருத்தச் சொல்ல வேண்டும். "காவலாளின் செயலால் எழும் எந்த வழக்குக்கும் ஏஜென்சி பொறுப்பல்ல" என்று அச்சடித்திருக்கிறார்கள். அட்டையை மீறிய செயலுக்கு ஏஜென்சியே பொறுப்பு, ஓனர் சொல்லிச் செய்ததற்கு ஓனர் பொறுப்பு என்று பிரித்து எழுதக் கேட்டால் ஒத்துக்கொள்கிறார்கள். அடுத்தது கேமரா பதிவு. டி.வி.ஆர். (கேமரா பதிவாகும் பெட்டி) நிறைந்தால் பழையதன் மேலேயே எழுதிவிடும். கை வைக்கும்படி எது நடந்தாலும் 24 மணி நேரத்துக்குள் பதிவைத் தனியாக எடுத்து, பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவுச் சான்றிதழுக்குத் தேவையான விவரங்களோடு (எந்தக் கருவி, யார் எடுத்தது, எப்போது) ஓனருக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். இதற்கு மட்டும் சூப்பர்வைசர் தயங்குகிறார். அவருக்குப் பதிவு எடுக்கத் தெரியாது, கேமரா மாட்டிய கடைக்காரரைத்தான் கூப்பிட வேண்டும் என்கிறார். கடைக்காரர் நம்பரையும் அட்டையின் பின்பக்கத்தில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.